பதில் வந்துவிட்ட கேள்வி

சென்ற ஞாயிறு சாயங்காலம் திருச்சி கோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் மீட்டிங். பர்மாவில் ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி, காடும் மலையுமாக நடந்து வந்து சேர்ந்தவர்களை நம் ஊர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று இடித்துரைக்க வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். நான் போகாமல் இருப்பேனா?

தேர்டு பாரத்தோடு படிப்பை விட்டுப் பத்திரிகையில் வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு மீட்டிங்தான் பள்ளிக்கூடம். பேச்சைக் கேட்கும்போதே அதை எப்படிக் கட்டியிருக்கிறார் என்று கவனிப்பேன். இவர் கெட்டிக்காரர். லட்சம் பேர் என்று ஆரம்பிக்கவில்லை... ஒரே ஒரு குழந்தையின் வெடித்த பாதத்தைச் சொன்னார். அடுத்து, குற்றத்தைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார் — “நானும் பார்த்தும் பார்க்காமல் போனவன்தான்.” அப்புறம் “நாம் எல்லோருமே” என்று எங்களையும் சேர்த்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி. “உங்களில் ஒருவராவது அவர்களிடம் போய், என்ன வேண்டும் என்று கேட்டதுண்டா?”

கேட்டுவிட்டு நிறுத்தினார்.

பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். மெலிந்த உடம்பு, சாயம் போன புடவை. “நாலு நாளைக்கு ஒரு எடம் வேணுங்க,” என்றாள். “வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். சத்திரத்துல மூணு நாளைக்கு மேல இருக்கக் கூடாதாம். காலைல எறங்கணும்.”

பர்மா அகதிகளுக்காக மீட்டிங் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. கஷ்டத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நம்பி வந்திருக்கிறாள், பாவம். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னாள். அவள்மேல் என்ன தப்பு?

பேச்சாளர் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு அவள் பக்கம் கையை நீட்டி, “கேளுங்கள் இந்தக் குரலை!” என்றார். அப்படி ஒரு கைதட்டல். நானும் தட்டினேன். தொண்டர் ஒருவர், “உக்காருங்கம்மா, ஐயா பேசி முடிக்கட்டும்,” என்றார். அவள் உட்காரவில்லை. பதில் வரும் என்று மீட்டிங் முடிகிற வரை நின்றாள்.

என் வீட்டில் வாசல் ரூம் காலி. சொல்லியிருக்கலாம். ஆனால் என் மனசு எனக்குத் தெரியாதா? என்ன காய்ச்சலோ, ஒட்டிக்கொள்ளுமோ... நாலு நாள் நாற்பது நாளானால்? யார், என்ன ஜாதி என்று ஸ்ரீரங்கத்து வீதி கேட்குமே? போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்குமோ? இத்தனைக்கும் நடுவில் ஒரு நிம்மதி — இவ்வளவு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களே, யாராவது ஒருவர் கூப்பிடமாட்டாரா?

வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் குனிந்து செருப்பைத் தேடுகிற சாக்கில் தாண்டிப் போய், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், பேச்சு உட்பட. என் மனைவி கேட்டுவிட்டு, “ஏன்னா, ரூம் காலியாத்தானே இருக்கு? அங்கேயே சொல்றதுக்கென்ன?” என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். மூன்று சத்திரம் ஏறி இறங்கி, அவர்கள் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். சத்திரத்து மணியக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மீட்டிங்குக்குப் போனவங்களா?”

ஆமாம் என்றேன்.

“அவங்க விடியறப்பவே எறங்கிட்டாங்க. எடம் தரேன்னு வந்தவங்கள்ல நீங்க நாலாவது ஆளுங்க.”

புருஷனைக் கைவண்டியில் படுக்க வைத்து ஜங்ஷன் பக்கம் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தாராம். ஜங்ஷனில் தேடினேன். பொன்மலை வரைக்கும் நடந்து விசாரித்தேன். எங்கும் இல்லை.

நாலு பேர்! அந்த மண்டபத்தில் அவளுக்கு நாலு இடம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவரும் மற்றவர் எழுந்திருப்பார் என்று கை தட்டிக்கொண்டிருந்தோம். “நாம் எல்லோருமே” என்று பழியைப் பங்கு போட்டதில் என் பங்கு துளியாகிவிட்டது — அந்தத் துளிக்காக யார் எழுந்திருப்பார்கள்?

பேச்சாளர் நேற்று கரூரில் பேசினாராம். ஒரு பெண் எழுந்து நின்று இடம் கேட்டதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டிருக்கிறார், அந்த இடத்தில் நல்ல கைதட்டல் என்று போய்வந்த நண்பர் சொன்னார்.

நான் மட்டும் என்னவாம்? இந்த வாரப் பத்தியில் அவளைச் சேர்த்துக்கொண்டேன்.