வெள்ளி விழும் என்று காத்திருந்தவர்

காஞ்சிபுரம் பட்டுக்கடையில் எத்தனையோ கல்யாண வீட்டாருக்குப் புடவை விரித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கத் தாமல் கிராமத்திலிருந்து வந்த அந்த மனிதரைப் போல யாரும் என் உயிரை வாங்கியதில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையை விட்டு இறங்காத செல்போன். சரிகையில் வெள்ளி இருக்கிறது, வெள்ளி விலை இறங்கினால் புடவையும் இறங்கும் என்பது அவர் நம்பிக்கை.

மகள் அரக்கு நிறப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். முகமே மலர்ந்துவிட்டது. நான் பில் போடத் திரும்பினேன். அவர் போனைப் பார்த்தார்.

"இருப்பா, வெள்ளி டிப் ஆவுதாம்."

அடுத்த முறை வந்தபோது அது 'ஸ்லம்ப்' ஆகியிருந்தது. அதற்கடுத்த முறை, "ப்ளஞ்ச்பா! க்ராஷ் ஆவட்டும், அப்ப எடுத்துக்கலாம்."

"ஐயா, இதுக்குச் சரிகை வாங்கி, நெசவும் முடிச்சாச்சு. இனிமே வெள்ளி விழுந்தா இந்தப் புடவை எப்படி விழும்?"

"உனுக்கு மார்க்கெட் தெரியலபா."

ஒவ்வொரு முறையும் மகள்தான் புடவையை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

கல்யாணம் நெருங்கியதும் ஓடி வந்தார்கள். அரக்குப் புடவை அதற்குள் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டிருந்தது. மகள் அலமாரியில் அது இருந்த வெற்றிடத்தையே பார்த்தாள். அவர் போன் சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

"வெள்ளி என்னாச்சுங்கய்யா?" எரிச்சலில் கேட்டே விட்டேன்.

விழுவதற்கு அத்தனை இங்கிலீஷ் வைத்திருந்தவர், மகளைப் பார்க்காமல், தமிழில் முணுமுணுத்தார்:

"ஏறிப்போச்சிபா."