வயிற்றுப் புண் மாத்திரை

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. 2008ஆம் ஆண்டு, பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு சமயத்தில், என் தங்கை சாப்பிடுவதைக் குறைத்தாள். தூக்கம் போனது. புத்தகத்தைத் திறந்துவைத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2. அம்மாவும் நானும் அவளைக் கடலூர் முதுநகரில் எங்கள் குடும்ப டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

3. வயிற்றுப் புண் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

4. இரண்டு மாதத்தில் தேறினாள். தேர்வு எழுதினாள். சிதம்பரத்தில் கல்லூரியில் இடம் கிடைத்து விடுதியில் சேர்ந்தாள்.

5. வயிறுதான் சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தினோம்.

6. 2010 தொடக்கத்தில் விடுதிக் காப்பாளர் எனக்கு போன் செய்தார். தங்கை வகுப்புக்குப் போவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாள் என்றார்.

இதில் மூன்றாவது பொய். அது எனக்குத் தெரிய ஆறாவது நடக்க வேண்டியிருந்தது.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. அங்கே வேலை செய்பவர்கள், மீன் ஏலம் எடுப்பவர்கள், வலைக்காரர்கள் எல்லோருக்கும் அவர்தான் டாக்டர். மாலையில் கூட்டம் நெரியும். நேரத்தை மிச்சம் பிடிக்க, அடுத்த நாலு பேரை முன்கூட்டியே உள்ளே கூப்பிட்டு அறைக்குள்ளேயே ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார். ஒருவருக்கு நாடி பார்க்கும்போது மற்ற நாலு பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. மருந்துச் சீட்டு எழுதும் வழக்கமும் அவருக்குக் குறைவு. கம்பவுண்டர் பெரிய டப்பாவிலிருந்து உதிரி மாத்திரைகளை எண்ணி ஒரு காகிதக் கவரில் போட்டு, மேலே காலை, ராத்திரி என்று கோடு போட்டுக் கொடுப்பார். என்ன மாத்திரை என்று கேட்டால், ‘வயித்துல கேஸுக்கு’, ‘சத்துக்கு’ என்று பதில் வரும்.

அன்றைக்கு வழக்கம்போல அம்மாதான் பேசினாள்.

“வயிறு எரியுதுங்கிறா சார். ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது. ராவெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சிகிட்டுக் கெடக்குறா.”

“என்ன பாப்பா?” என்றார் டாக்டர்.

தங்கை பெஞ்சைப் பார்த்தாள். அதில் இருமலோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முந்திக்கொண்டாள். “எங்க நாத்தனா பொண்ணுக்கும் இப்டிதான் சார் இருந்துச்சு. ஒரு கல்யாணத்தப் பண்ணி வுட்டாங்க, எல்லாம் சரியாப் போயிடுச்சு.”

“நீ உன் இருமலப் பாரும்மா. அதுக்கும் கல்யாணமா பண்ண முடியும்?” என்றார் டாக்டர். பெஞ்சு சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

பிறகு அவர் அம்மாவையும் என்னையும் கம்பவுண்டரிடம் அனுப்பிவிட்டு, தங்கையை மட்டும் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். வெளியே வந்து, “வயித்துல புண்ணு இருக்கு. காரம் ஆகாது. மாத்திரைய ஒரு வேள உடாமக் குடுங்க,” என்றார்.

அம்மா அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டில் தங்கைக்கென்று தனிச் சட்டி வந்தது. சங்கரா மீன் குழம்பென்றால் உயிரை விடுகிறவளுக்கு மிளகாய் போடாமல் ஒரு மஞ்சள் தண்ணீரில் மீன் மிதந்தது. அவள் அதையே சாப்பிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்தது. “பாத்தியா, காரத்த நிறுத்துனதும் புள்ள எப்டித் தேறிடுச்சு,” என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

காப்பாளரின் போன் வந்ததும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். விடுதிப் பெண்கள் வழக்கமாகப் போகும் டாக்டர், கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். நான் அம்மாவைப் போலவே பேச ஆரம்பித்தேன். “இவளுக்கு வயித்துப் புண்ணு இருந்துச்சு மேடம்…”

“அவுங்க சொல்லட்டும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க,” என்றார்.

ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அரை மணிக்கு மேல் வெளியே உட்கார்ந்திருந்தேன். என்னைத் திரும்பக் கூப்பிட்டபோது மேசையில் எங்கள் டாக்டரின் காகிதக் கவர் கிடந்தது. தங்கையின் பையில் மிச்சம் இருந்த மாத்திரைகள்.

“உங்க அக்காகிட்ட நானே சொல்லட்டுமா?” என்று தங்கையிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

முதல் தடவை திரைக்குப் பின்னால் வைத்து, எங்கள் டாக்டர் அவளிடம் மெதுவாக ஒன்று கேட்டிருக்கிறார். ‘செத்துப் போயிடலாம்னு தோணுதா பாப்பா?’ அவள் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள். அதற்குமுன் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர், ‘சரி, எந்திரி,’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வயிற்றுப் புண் என்றிருக்கிறார்.



“அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. சொன்னா வயித்துக்கு மாத்திரதான் குடுப்பாங்கன்னு,” என்றார் அந்த டாக்டர். “இன்னொண்ணு. இது கேஸ் மாத்திர மாதிரி தெரியல எனக்கு. பாத்து மட்டும் சொல்ல முடியாது. குடுத்தவரக் கேட்டுட்டு வாங்க. அது தெரியாம நான் எதுவும் ஆரம்பிக்க முடியாது.”

நான் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே பெயர் ஒட்டாத புட்டி ஒன்று கிடைத்தால் யாரும் அதைத் தொட மாட்டோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது பையில் அந்தக் கவர் இருந்தது.

எங்கள் டாக்டர் கூட்டம் சேருவதற்கு முன்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கவரை மேசையில் வைத்துக் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை.

“ஆமாம்மா. மனசுக்குத்தான் குடுத்தேன். நல்ல மாத்திர. கேட்டுச்சில்ல?”

“கேட்டுச்சு சார். வயித்துப் புண்ணுன்னு சொன்னீங்களே?”

“மனசுக்குன்னு சொன்னா உங்கம்மா வாங்கிட்டுப் போயிருப்பாங்களா? வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. பெஞ்சுல வேற நாலு பேரு. விடிஞ்சா தொறமுகம் பூராத் தெரிஞ்சிருக்கும். நாளைக்கு அவளுக்கு மாப்ள பாக்க வேணாம்?”

அம்மாவைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான்.

“அவகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே சார்.”

“பதினேழு வயசுப் பொண்ணு, பயந்துடும். அதான் ஒரு வேள உடாதன்னு சொன்னேனே. நீங்க ஏன் நிறுத்துனீங்க?”

“வயிறு சரியாயிடுச்சுன்னு.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மாத்திரையின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார்.

“உங்க வீடு மட்டும்னு நெனச்சிக்காத. ஊருல பாதிப் பேரு கேஸ் மாத்திரன்னு முழுங்குறது இதத்தான்,” என்றார்.

வெளியே வந்தேன். வாசலில் வரிசைச் சீட்டு வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று அம்மாக்கள் நின்றார்கள். ஒருத்தி பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்த அம்மா, “என்னாம்மா, டாக்டரு இருக்காரா?” என்று கேட்டாள். இருக்கிறார் என்று சொன்னேன். வீட்டுப் பக்கம் நடந்தேன்.

மறுநாள் விடுதி வராந்தாவில் வைத்துத் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“அப்போ நான் தலையாட்டுனத அவுரு பாத்தாராக்கா?”

“பாத்துருக்காருடி. அதனாலதான் அந்த மாத்திரயே.”

அவள் காம்பவுண்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். “பாக்கலைன்னு நெனச்சிகிட்டிருந்தேன்,” என்றாள். பிறகு, “அதுக்கு எதுக்கு ஒரு வருஷமா மீன் கொழம்பு இல்லாமப் பண்ணாரு?” என்றாள். அந்தப் போன் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

அன்று மாலை அவளே எழுந்து மாடி டாக்டரிடம் போனாள். நான் வெளியே உட்கார்ந்தேன்.

அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்பதை அந்த டாக்டர் தங்கையிடம் விட்டார். அவள் சொல்லச் சொன்னாள். அம்மா சிதம்பரம் வந்து முழுவதையும் கேட்டுவிட்டு, “டாக்டரே வயித்துல அமுக்கிப் பாத்து சொன்னாரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு,” என்றாள். தன் மகளுக்கு என்ன நோய் என்பதைவிட, இத்தனை வருட டாக்டர் தன்னிடம் பொய் சொன்னார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது 2012. தங்கை படிப்பை முடித்துவிட்டாள். மாத்திரையின் பெயரும், எதற்கு என்பதும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். போன வருடம் அளவைக் குறைத்திருக்கிறார்கள். மோசமான நாட்கள் வந்தால் எனக்குச் சொல்கிறாள். அப்பா இன்னும் சளிக்கு அதே முதுநகர் டாக்டரிடம்தான் போகிறார். அந்தப் பெஞ்சும் அங்கேயே இருக்கிறது. அம்மா உறவினர்களிடம் வயிற்றுப் புண் என்றே சொல்கிறாள். தங்கை வீட்டுக்கு வந்தால் அவளுக்கென்று மிளகாய் போடாமல் தனியாகக் குழம்பு வைக்கிறாள். தங்கை எங்கள் சட்டியிலிருந்து ஊற்றிக்கொள்கிறாள்.