வராத லாபமும் வரப்போகும் லாபமும்

என் கைப்பையின் உள்ஜிப்புக்குள் இரண்டு மஞ்சள் ஒட்டுத்தாள்கள் கிடக்கின்றன. பசை போய்ப் பல நாளாகிவிட்டது. இரண்டிலும் பச்சை மையில், கோடு போட்ட கொப்பியில் எழுதிப் பழகிய உருண்டையான தமிழ் எழுத்து. ஒன்றில், "இதில் இன்னும் நம்பிக்கை தெரிய வேண்டும்" என்று இருக்கிறது. மற்றதில், "இதில் நம்பிக்கை துளியும் தெரியக்கூடாது." இரண்டையும் எழுதியவர் ஒருவரே. ஒரே காலையில், ஒரு தேநீர் குடித்து முடிக்கிற இடைவெளியில், என் மேசையிலிருந்த இரண்டு கடிதங்களின் மேல் ஒட்டிவிட்டுப் போனார். அவரை நினைக்கும்போது இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. என்னை நினைக்கும்போதும்தான்.

அவர் கொழும்பில் எங்கள் கம்பெனியின் வருமான வரிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார்; நான் அவருக்குக் கீழே வேலை செய்தேன். பல நாடுகளில் கிளை விரித்த கம்பெனி அது. சப்ரகமுவை மலைப்பக்கத்தில் அதற்கு இறப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நாங்கள் அவரை டெக்ஸ் சேர் என்போம். குருவிட்டப் பக்கத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவரின் மகன். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே என்பதால் எனக்கான குறிப்புகளை மட்டும் தமிழில் எழுதுவார். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது. கெட்டவர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். சத்தம் போட்டுப் பேசியதில்லை. மழை நாளில் பஸ் கிடைக்காவிட்டால் தன் காரில் என்னை விடுதி வாசலில் இறக்கிவிடுவார். அருவருப்பான மனிதர்கள் பார்க்கவே அருவருப்பாக இருப்பார்கள் என்று சின்ன வயதில் நான் நம்பியிருந்தேன். அந்த மூடநம்பிக்கையை எனக்குத் தீர்த்து வைத்தவர் அவர்தான்.

பெரிய கம்பெனிகள் வரிக்குக் கணக்கு எழுதும் விதத்தை அவரிடம்தான் கண்டேன். வரி என்றால் வருடக் கடைசியில் லாபத்தைப் பார்த்து அரசாங்கத்துக்குக் கட்டுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது கடைக்காரனின் வரி. எங்கள் கம்பெனியின் வரி வேறு பிறவி. எங்கள் தோட்டத்து இறப்பரைக் கம்பெனி தன்னுடைய வெளிநாட்டுக் கிளைக்கே மலிவாக விற்கும். அந்தக் கிளை இருக்கும் நாட்டில் வரி கொஞ்சம். ஆகவே லாபம் கப்பல் ஏறி அங்கே போய்விடும். நட்டம் மட்டும் மலையிலேயே தங்கிவிடும். எல்லாவற்றுக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது என்று தடித்த கோப்புகளில் எழுதியிருந்தார்கள். இதற்கே மனம் கசந்தது. ஆனால் இது முதல் படிதான்.

மலையில் தங்கிய அந்த நட்டத்தையும் சும்மா விடமாட்டார்கள். பின்னால் ஒரு வருடத்தில் தோட்டம் லாபம் பார்த்தால், பழைய நட்டத்தை அதில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம். நாளைக்குக் கட்டாமல் விடப்போகும் வரி இன்றைக்கே ஒரு சொத்து. அதற்குப் பிற்போடப்பட்ட வரிச் சொத்து என்று பெயர். நிலம், இயந்திரம், கட்டடம் இருக்கும் அதே பக்கத்தில் நட்டமும் சொத்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வருடத்துக் கணக்கும் பளிச்சென்று ஆகிவிடும். ஒரே ஒரு நிபந்தனை. வருங்காலத்தில் லாபம் நிச்சயம் வரும் என்று கணக்காய்வாளர்களை நம்பவைக்க வேண்டும். லாபம் வராத இடத்தில் கழிப்பதற்கு என்ன இருக்கிறது?

அப்படி நம்பவைக்கும் கடிதத்தைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்துக்கு அடுத்த பத்து வருடமும் எப்படி லாபம் வரும் என்று. புது இறப்பர் மரங்கள் பால் தரத் தொடங்கும், விலை ஏறும், செலவு குறையும். எந்தச் செலவு என்று கீழே விவரம் உண்டு. தோட்டத்து ஆட்கள் மருந்தெடுக்கும் டிஸ்பென்சரியை மூடுவது, நோயாளிகளை ஏற்றிப்போகும் அதன் வேனை விற்பது. அதே வாரம் அதே தோட்டத்துத் தொழிலாளருக்கு இன்னொரு கடிதமும் தயாரானது. பத்து வருடத்துக்கு லாபத்துக்கு வழியே இல்லை, ஆகவே டிஸ்பென்சரியை நடத்தக் கம்பெனியால் முடியாது, மன்னிக்கவும். தமிழில் எழுத ஆள் வேண்டுமே, அதுவும் நான்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இரண்டு வேலைக்கும் என் கையையே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு குறிப்பும் ஒட்டப்பட்ட அன்று நான் அவருடைய அறைக்குப் போய், "சேர், ரெண்டும் ஒரே தோட்டம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டுமே பொய் இல்லம்மா. ரெண்டும் மதிப்பீடு. நடந்ததப் பத்தித்தான் பொய் சொல்லலாம். எதிர்காலம் இன்னும் நடக்கவே இல்லையே, அதப் பத்தி எப்பிடிம்மா பொய் சொல்றது?"

எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறார் என்று அந்தக் கணத்தில் வியந்தேன். அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். பிறகு இன்னொன்றையும் சொன்னேன், "அது நான் வளர்ந்த தோட்டம் சேர்." அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நல்லதாப் போச்சு. அறிவிக்கப் போறப்ப நீங்களும் வாங்க. உங்க ஆளுங்கதானே, உங்க வாயால சொன்னாக் கேப்பாங்க."

அங்கே என் சின்னம்மா இருந்தாள். அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து என்னை வளர்த்தவள். இறப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி; தோட்டத்து மாதர் சங்கத் தலைவியும்கூட. தோட்டத்தை மேய்க்கும் சின்னத்துரைகள் அவளைக் கண்டால் வேறு பாதையில் போவார்கள் என்று தொழிலாளர் லயத்தில் கேலியாகச் சொல்வதுண்டு. அவளுக்கு முதல் நாளே போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் எடுக்கவில்லை. கம்பெனி விஷயம் வெளியே போகக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் பால் ஸ்டோருக்கு முன்னால் நடந்தது. வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் வாளிகளோடு அப்படியே நின்றார்கள். பாலை உறையவைக்கும் அசிட்டும் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலும் கலந்த அந்த நாற்றத்தை எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முகர்ந்தேன். டெக்ஸ் சேர் காரிலிருந்து இறங்கிக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கிளாக்கர் குவார்ட்டர்ஸில் பிறந்து அதே நாற்றத்தில் வளர்ந்த மூக்கு அது. பிறகு பேச ஆரம்பித்தார், ஆங்கிலத்தில். ஒரு சொல் தமிழ் வரவில்லை. ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் நிறுத்தி, தமிழே அறியாத வெள்ளைக்காரரைப் போல என்னைப் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன். வருமானம் போதாது. பத்து வருடத்துக்கு லாபம் வராது. டிஸ்பென்சரி மாதக் கடைசியோடு மூடப்படும். என் கைப்பை தோளில் தொங்கியது. அதற்குள், இதே தோட்டத்துக்குப் பத்து வருட லாபம் பொங்கி வழியும் கடிதத்தின் பிரதி இருந்தது.

சின்னம்மா முன்வரிசையில் நின்றாள். என்னை ஊரார் முன்னால் உறவு சொல்லிக் கூப்பிடவில்லை. அவரைப் பார்த்தே கேட்டாள்:

"பத்து வருசத்துக்கு லாபமே வராதுன்னு சொல்றீங்க. அப்ப எதுக்குங்க தொர இந்தத் தோட்டத்த இன்னும் வச்சிருக்கீங்க? எங்க மேல பாசமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, புரியாத முகத்தோடு என் பக்கம் திரும்பினார். கேள்வி ஒரு சொல் விடாமல் அவருக்குப் புரிந்திருந்தது. நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை பதிலை யோசிக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தை எடுத்துக் கொடுத்தவள் நான். "வெளிநாட்டில் இருக்கும் தலைமை அலுவலகம் தீர்மானிக்கும் விஷயம் என்று சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். நான் சொன்னேன். சின்னம்மாவின் கேள்விக்கான உண்மையான பதில் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜிப்பைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. திரும்பும் வழியில் கேகாலையில் காரை நிறுத்தி எனக்குக் கட்லட்டும் பால் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். "நல்லா சமாளிச்சீங்கம்மா" என்றார். நான் கட்லட்டைத் தின்றேன். பசித்தது என்பதும் உண்மை.

டிஸ்பென்சரி மூடப்பட்டது. வேன் விற்கப்பட்டது. ஏழெட்டு மாதம் கழிந்து, விடிந்தும் விடியாத நேரத்தில், மரத்தடியில் விழுந்து கிடந்த, பால் பிடிக்கும் சிரட்டையை எடுக்கச் சின்னம்மா சருகுக்குள் கைவிட்டபோது பாம்பு கொத்தியது. சிங்களத்தில் குணகடுவா என்போமே, சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும் அந்தக் குட்டைப் பாம்பு. வேன் இல்லை. டவுனிலிருந்து திரீவீலர் வரவழைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது வெயில் ஏறிவிட்டது. வாரக்கணக்கில் கிடந்தாள். உயிர் தப்பியது, வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வேன் இருந்திருந்தால் விரல்கள் பிழைத்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வைத்தியரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வேன் இருந்ததா இல்லையா என்பதற்கு மதிப்பீடு தேவையில்லை. பால் வெட்டும் கத்தியை அந்தக் கையால் இனிப் பிடிக்க முடியாது.

செய்தி கேட்டு டெக்ஸ் சேர் மெய்யாகவே வருந்தினார். எனக்கு லீவு தந்தார். ஒரு கூடை ஆப்பிள் வாங்கி, அன்புடன் என்று அதே பச்சை மையில் எழுதிக் கொடுத்தனுப்பினார். நான் அதைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். யார் தின்றார்களோ, வயிறு வலிக்காமல் இருந்தால் சரி. அந்த வருடத்துக் கம்பெனி அறிக்கையில் பிற்போடப்பட்ட வரிச் சொத்துக்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் இருந்தது, பெரும்பாலும் என் வசனங்கள். டிஸ்பென்சரி என்ற சொல் எங்குமே இல்லை. கணக்காய்வாளர்கள் ஒப்பமிட்டார்கள். டெக்ஸ் சேருக்கு வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வு வந்தது. வழியனுப்பு விருந்தில் நானும் கைதட்டினேன். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் அங்கேயே வேலை செய்தேன். இதைச் சொல்லாமல் அவரைத் திட்டினால் நான் அவரைவிடக் கேவலம்.

இப்போது மாவனல்லையில் இருக்கிறேன். புடைவைக் கடைக்காரர்களுக்கும் ஹார்ட்வெயார் முதலாளிகளுக்கும் வரிக் கணக்கு எழுதுகிறேன். அவர்களும் ஒன்றும் அரிச்சந்திரர்கள் அல்ல. கொஞ்சம் முன்னே பின்னே சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் நட்டம் வந்தால் நட்டம் என்று தலையில் கைவைத்து உட்காருகிறார்கள். அதைச் சொத்து என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள்.

போன மாதம் சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். மிஞ்சிய மூன்று விரலால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக்கொள்ள நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். இத்தனை வருடம் சொல்லாததை அன்று சொன்னேன். இரண்டு கடிதங்களையும், பச்சை மைக் குறிப்புகளையும், பைக்குள் இருந்த பிரதியையும். இரண்டு ஒட்டுத்தாளையும் எடுத்து அவள் முன்னால் வைத்து வாசித்தும் காட்டினேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்பிடி சின்னம்மா?"

"அன்னைக்கு நான் கேள்வி கேட்டப்ப எல்லாரும் அந்தத் தொர மூஞ்சியப் பாத்தாங்க. நீ மட்டும் ஒன் பையப் பாத்த. பைய நெஞ்சோட இறுக்கிப் புடிச்ச. சரி, அதுக்குள்ள என்னமோ இருக்குன்னு நெனச்சேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே. பையத் தொறன்னு எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாமே!"

சின்னம்மா தேங்காய்ப் பாதியைத் திருப்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இருந்தது.

"சொல்லியிருக்கலாம். ஒன் வேல போயிருக்கும்."

தேங்காயைத் துருவி முடித்தாள். சோறு ஆக்கினாள், குழம்பு வைத்தாள், எனக்குப் போட்டாள். நான் சாப்பிட்டேன். புறப்படும்போது இரண்டு மஞ்சள் தாளையும் அவளே எடுத்து, அந்த மூன்று விரலால் மடித்து என்னிடம் நீட்டினாள். பையைத் திறந்து அவை இருந்த இடத்திலேயே வைத்து ஜிப்பை மூடினேன். அதே பைதான், இன்னும் மாற்றவில்லை.