தாய்மாமன் மடி

பூவரசனுக்கு நோயைவிட வெட்கம்தான் பெரிய பாரம். விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்து ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்காமல் பஸ் ஏறமாட்டார். எண்ணெய் வாடை அடித்தால் பக்கத்து சீட்டுக்காரன் என்ன நினைப்பான் என்று அவ்வளவு கூச்சம். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் குடலின் கடைசியில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து, மலம் போக வயிற்றின் இடப்பக்கம் வழி வைத்து, மேலே ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் சொன்னபோதுகூட அவர் அழவில்லை. பை தெரிகிறதா என்று சட்டையைத்தான் இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தப் பை இருப்பது மனைவி தமிழ்மணியைத் தவிர சொந்தத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கே வந்து பார்க்கும் மருத்துவக் குழுவோடு கலையரசி என்ற மனநல ஆலோசகரும் வந்தார்.

"உடம்புதாங்க மேடம் கெட்டுப்போச்சு. மூளை நல்லாத்தான் கீது" என்று பூவரசன் முறைத்தார். கலையரசி அசரவில்லை. ஒவ்வொரு முறையும் வந்து உட்கார்ந்தார்.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்திலிருந்து தங்கை கவிதா போன் செய்தாள். அவள் மகளுக்கு மயிலம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். "சித்தப்பா மவன் தென்னரசு மடியில வெச்சிக்கோ" என்று சொல்லி போனை வைத்துவிட்டார் பூவரசன்.

கவிதா வேறு மாதிரி புரிந்துகொண்டாள். வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைக்காமல் போனில் கூப்பிட்டதால் அண்ணன் முறுக்கிக்கொண்டார் என்று நினைத்தாள். இந்தப் பக்கத்தில் தாய்மாமன் முறுக்கிக்கொண்டால் வேறு காரணமே இருக்காது. பூவரசனும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். நாற்றம் பிடித்தவன் என்பதைவிடக் கோபக்காரன் என்ற பேர் தேவலை அல்லவா? அயோக்கியத்தனம்தான், சந்தேகமில்லை.

"கொழந்த மடியில உக்காந்தா என்ன ஆயிடும்னு பயப்படறீங்கண்ணா?" என்று கேட்டார் கலையரசி.

பூவரசன் சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "பை பிச்சிக்கும். ஊரே மூக்க மூடும். நான் போனப்புறம் அந்த நாத்தம்தான் பேச்சா நிக்கும் மேடம்."

"தங்கச்சி மேல கோவமாவே போயிட்டாருன்ற பேச்சு நிக்கலாமா?"

"இனிமே நீங்க வராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை கவிதாவும் அவள் கணவன் அன்புச்செல்வனும் தாம்பூலத் தட்டோடு வந்து நின்றார்கள். "போன்ல கூப்ட்டது தப்புதான் மச்சான். அந்தக் கோவத்த கொழந்த மேல காட்டாதீங்க" என்று அன்புச்செல்வன் சட்டென்று காலைத் தொட்டுவிட்டார்.

பூவரசன் கூனிக் குறுகிப்போனார். வயிற்றில் பையோடு கண் விழித்த அன்றுகூட அவருக்கு இப்படி மானம் போகவில்லை. "ஐயோ, ஏந்திரிங்க மாப்ள" என்றவர், சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்.

கவிதா பையைப் பார்த்தாள். "இதுக்காண்ணா எங்கள கெஞ்ச வுட்ட?" என்று அவர் தோளில் அடித்து அழுதாள்.

அன்றைக்கே அவர் கலையரசிக்கு போன் செய்தார். "மேடம், வர்றீங்களா?" என்று கேட்டார். கலையரசி நர்ஸோடு வந்தார். விசேஷத்தன்று காலையில் பையை மாற்றிவிடலாம், கஞ்சி மட்டும் குடித்தால் போதும், குழந்தையை வலத் தொடையில் வைக்கலாம் என்று பேசி முடித்தார்கள். தலையணையை மடியில் வைத்துப் பழகிப் பார்த்தபோது தமிழ்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

மயிலத்தில் சுற்றிலும் சொந்தக்காரர்கள். பத்தர் முதல் காதைக் குத்தியதும் குழந்தை வீறிட்டது. பூவரசனின் மடியில் சூடாக ஏதோ பரவியது. போச்சு, எல்லாம் போச்சு. தலையைக் குனிந்துகொண்டார். யாரோ சிரித்தார்கள்.

"ஐயோ, மாமன் வேட்டியெல்லாம் நனைச்சிட்டாளே" என்று கவிதா குழந்தையைத் தூக்க ஓடிவந்தாள்.

பூவரசன் கையை வைத்துப் பார்த்தார். பை அப்படியேதான் இருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. ஈரத்தோடு குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வுடும்மா. இன்னொரு காது கீதில்ல."