சவுண்டுக்கு வைத்த பொட்டு

டி.வி. மெக்கானிக்குக்குக் கண்ணைவிடக் காது நன்றாக இருக்க வேண்டும். கேட்டதை வெளியே சொல்லாத வாயும் வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் வில்லாபுரத்தில் கடை வைத்திருந்தேன். எங்கள் பக்கம் அப்போது இரண்டே நிலையம்தான். இலங்கையைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். மாற்றினால் கொடைக்கானல் காதைப் பிய்த்துவிடும். ரிமோட் ஏது? பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும், பாவம்.

டீச்சர் வீட்டில்

மிஷன் பள்ளி டீச்சர் ஒருவர் உள்ளறையில் ஜெபம் பண்ணும்போதெல்லாம் அவர் கணவர் ஹாலில் இலங்கையிலிருந்து கொடைக்கானலுக்கு மாற்றுவார். வீடு அலறும். பெட்டியில் கோளாறு இல்லை, வருகிற சிக்னல் அப்படி என்று சொல்லிவிட்டு, வால்யூம் குமிழைச் சுற்றிப் பெயின்டால் இரண்டு பொட்டு வைத்தேன். சிவப்பு இலங்கைக்கு, வெள்ளை கொடைக்கானலுக்கு. குமிழைப் பொட்டுக்குத் திருப்பிவிட்டு நிலையத்தை மாற்றினால் சத்தம் ஒரே அளவு.

டீச்சர் சொன்னார்: "இம்புட்டுத்தானா தம்பி? இதுக்காகவா எங்க வீட்டுக்காரரைத் தினம் வஞ்சேன்!"

திருவாதவூரில்

பொட்டின் புகழ் பரவி, திருவாதவூர் பெரியகருப்பன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. போனால் பாதித் தெரு ஹாலில் உட்கார்ந்திருக்கிறது. குமிழ்க் காவலில் அவர் தம்பி சின்னையா. "அண்ணே, போதுமா?" என்பார். "கொஞ்சம் கூட்டு" என்பார் அண்ணன். இப்படியே பொழுது போனது. மனுஷன் நிம்மதியாகப் படம் பார்க்கட்டுமே என்று பொட்டு வைத்துக் கொடுத்தேன். சின்னையா கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார்.

பெரியகருப்பனுக்கு ஏகக் குஷி. "இனிமே யாரையும் கேக்க வேண்டியதில்ல!"

கடைக்கு வந்த புகார்

அடுத்த வாரம் பெரியகருப்பனின் மனைவி தனியாகப் பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டார். பொதுக்கிணற்றில் யார் முறை என்ற தகராறில் அண்ணன் தம்பிக்குள் வெகுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். டி.வி. வந்த பிறகு அந்தக் குமிழை வைத்துத்தான் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்களாம். இப்போது அதுவும் போச்சு. சின்னையா இவர்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. "பொட்டைச் சுரண்டிவிட்டால் போகிறது, இதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்றேன்.

"சுமங்கலி நானு, செவப்புப் பொட்டை என் கையால அழிப்பேனாண்ணே? நீங்களே வந்து கெடுத்து விட்டுட்டுப் போங்க."

கெடுத்த ரிப்பேர்

அன்று மாலையே போனேன். பெரியகருப்பன் வயலிலிருந்து வருவதற்குள் குமிழைக் கழற்றி, கொஞ்சம் திருப்பி மாட்டினேன். பொட்டு இரண்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன, ஆனால் இரண்டும் பொய் சொல்லின. பெட்டி கெட்டுவிட்டது என்று அவர் மனைவி சின்னையாவுக்கு ஆள் அனுப்பினார். சின்னையா வந்து வாசலோடு நின்றுகொண்டார்.

வயலிலிருந்து வந்த பெரியகருப்பன் குமிழை வெள்ளைப் பொட்டில் வைத்துக் கொடைக்கானலைத் திருப்பினார். அலறிய அலறலில் கொல்லையில் மாடு கத்தியது. சின்னையா ஓடிவந்து குமிழைப் பிடித்துக் குறைத்தார். அப்புறம்தான் இருவருக்கும் தாங்கள் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்பது உறைத்தது. நான் பைக்குள் இல்லாத ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். சின்னையா யாரையும் பார்க்காமல், "அண்ணே, போதுமா?" என்றார்.

பெரியகருப்பன் தொண்டையைச் செருமினார். "போதும்டா. எந்திரிச்சுப் போயிராத, அங்கனயே உக்காரு."

எத்தனையோ பெட்டிகளைச் சரிசெய்திருக்கிறேன், ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. நான் கெடுத்துக் கொடுத்த ஒரே பெட்டிக்குத்தான் பொங்கல் தவறாமல் கட்டுக் கரும்பு வந்தது.