கூடைக்குள் வீங்கிய கண்

கோழிப்பண்ணைச் சீமையில் பூனைக்கு டாக்டராக உட்கார்ந்திருக்கும் என் சக பாவப்பட்டவர்களுக்குத் தெரியும்: பூனைக்குக் கண்ணோரம் வீங்கினால், அது நம்மிடம் வருவதற்குள் அக்கம்பக்கத்தார் எல்லோரும் வைத்தியம் பார்த்து முடித்திருப்பார்கள்.

நாமக்கட்டி

ராசிபுரத்தில் தறி ஓட்டுகிறவர் ஒருவர் துணிப்பையில் பூனையைக் கொண்டுவந்தார். இரண்டு கண்ணையும் சுற்றி நாமக்கட்டியைக் குழைத்துப் போட்ட பத்து, காய்ந்து வெடித்திருந்தது. ஈரப்பஞ்சால் ஊறவைத்து எடுத்தேன். குளவி கொட்டியதாம்; அந்த வீக்கம் பாதி தானாகவே வடிந்திருந்தது. பத்துத் தூள் உள்ளே விழுந்துதான் கண் சிவந்திருந்தது. இனிமேல் எதையும் பூசாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். மனிதர் கொஞ்சம் யோசித்தார்.

"மஞ்சளாச்சும் பூசலாங்களா டாக்டரு?"

வாயைத் திறந்த கதை

அடுத்தது திருச்செங்கோட்டுப் பூனை. போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர் வீடு. அவர் மனைவி பூங்கொடி அக்காதான் தூக்கி வந்தார். இடது கண்ணுக்குக் கீழே எலுமிச்சங்காய் மாதிரி வீக்கம், கண்ணே திறக்கவில்லை.

பூனைக்கு மேல் கடைவாய்ப்பல் வேரில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழேதான் வீங்கும். அதனால் முதலில் வாயைத் திறந்தேன். பல் நன்றாகத்தான் இருந்தது. என் விரலைக் கேட்டால் சொல்லும். ஏதோ சண்டைக் காயம் என்று ஊசி போட்டேன். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கண்ணு போச்சுன்னா ஜேடர்பாளையம் அணைக்கட்டுல உட்டுட்டு வந்துருவேங்கறாருங்க எங்கூட்டுக்காரரு. ஒத்தக்கண்ணுப் பூனை வண்டிக்கு ஆகாதாமா!"

சிலாம்பு

ஊசியில் வடிந்த வீக்கம் மருந்து நின்றதும் திரும்ப ஏறியது. இந்த முறை வீட்டுக்காரரும் வந்து, பூனையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மயக்க ஊசி போட்டு முடியை மழித்தேன். வீக்கத்தின் ஓரத்தில் சின்னப் பொத்தல். இடுக்கியை விட்டு இழுத்தால், மூங்கில் சிலாம்பு ஒன்று வெளியே வந்தது! இமையைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"மூங்கில் ஏதுங்க?" என்றேன். அக்காதான் சொன்னார். ரிக் வண்டி வெளியூர் கிளம்பும்போதெல்லாம் பூனை குறுக்கே போய்விடக் கூடாதென்று, வீட்டுக்காரர் கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடையைப் போட்டு மூடி, மேலே கல்லையும் தூக்கி வைப்பாராம். போன தடவை போட்ட கூடை பழசு, சிலாம்பு பிரிந்து நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பூனை உள்ளேயே முட்டி மோதியிருக்கிறது.

"சகுனத்துக்குத்தானுங்க..." என்று முனகினார் அவர். அக்கா பூனையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"இனி வண்டி கெளம்பறப்ப பூனைய மூட உட மாட்டனுங்க டாக்டரு. இவரத்தான் கூடை போட்டு மூடோணும்."

பூனை குறுக்கே போய்க் கெட்ட மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. மனிதர் குறுக்கே போய்க் கண் வீங்கிய பூனைகளைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.