ஆனர்ஸ் வகுப்பிலிருந்து பேத்தியை மாற்றினேன்

என் பேத்தி கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பொருளியல் ஆனர்ஸ் படித்தாள். முதல் பருவத்தில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுதான் வாங்கினாள். சாதாரண வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தொண்ணூற்றொன்று. இந்த மதிப்பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. வகுப்பை மாற்றச் சொல்லிக் கல்லூரிக்கே போனேன்.

"ஐயா, சாதாரண வகுப்புல அறுபது பேருக்கு நோட்ஸ் சொல்றோம். அத அப்படியே எழுதினா மார்க்கு," என்றார் பேராசிரியை. "இங்க பன்னெண்டு பேருதான். கேள்வியே அவங்கதான் கண்டுபுடிக்கணும். மலையில மரவள்ளிக்கு யாரு வெல வெக்கறாங்கன்னு உங்க பேத்தி தேடிக்கினு இருக்கறா. அது எந்தப் புக்குலயும் இல்ல."

"புக்குல இல்லாததுக்கு இன்னாத்துக்கும்மா பீஸு?" என்றேன்.

"தாத்தா, வெள்ளிமலைப் பக்கம் நாப்பது வூட்டுல கேட்டுட்டேன். இன்னும் ஒரு மாசம் வுடுங்க," என்றாள் கூட வந்திருந்த பேத்தி.

நான் விடவில்லை. தகப்பன் இல்லாத பெண். கட்டணம் என் பென்ஷனில் போகிறது. அன்றே மாற்றினேன்.

அடுத்த பருவத்தில் தொண்ணூற்று மூன்று வந்தது. தெருவில் பதினேழு வீட்டுக்கு லட்டு கொடுத்தேன். அவள் ஒன்றுகூட எடுக்கவில்லை. முன்பெல்லாம் சாப்பிடும்போது மலையில் கேட்டதைச் சொல்லி என்னோடு மல்லுக்கு நிற்பாள். இப்போது பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறாள்.

"பாடம் புடிச்சிருக்குதாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மார்க்கு வந்துச்சில்ல தாத்தா, அப்புறம் இன்னா?" என்றாள்.

அவள் படிப்பை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. கல்லூரிக்கு மட்டும் தினமும் போய்வருகிறாள்.